சின்னையாவின் நாற்பத்தொரு தங்கையன்கள்

சின்னையா மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஏழு வருஷமாகச் சுமக்கிறேன். ஒரு மனிதன் இன்னொருவனுக்குச் சோற்றைக் கொடுப்பான், துணியைக் கொடுப்பான். நான் அவனுக்கு என் குலதெய்வத்தையே கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதுவும் நாலு பேர் முன்னால்.

நடந்தது திருச்சி பாலக்கரையில் ஒரு டீக்கடையில், அறுபதாம் வருஷம் ஐப்பசியில். அவன் மகள் வள்ளிக்கண்ணுவுக்கு மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பையன் அரிசி ஆலையில் வேலை. பையனின் தாய்மாமன் வீரமலை பேச வந்திருந்தார்.

"பொண்ணு புடிச்சிருக்குங்க. நகை நட்டு பேச்சே இல்ல. உங்க குலதெய்வம் எது, பங்காளிங்க எந்த ஊருன்னு சொல்லிட்டா தட்டு மாத்திக்கலாம்."

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. எங்கள் ஜாதியில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அதனால் பெண் பார்க்கும்போது முதலில் கேட்பது சாமியைத்தான்.

 சின்னையாவிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டேன். "இவன் என் பங்காளிதாங்க. குலதெய்வம் செல்லாயி, முசிறிச் சாலையில கோயில். தீர்ந்துச்சா?"

சின்னையா டீ கிளாஸைக் கீழே வைத்தான். "மேஸ்திரி என் மேல இருக்குற பிரியத்துல சொல்றாருங்க. நான் இவருக்குப் பங்காளி இல்ல. யாருக்குப் பங்காளின்னும் எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா? வானத்துலேருந்து குதிச்சீங்களா?"

"தண்ணியிலேருந்து ஏறுனேன்" என்றான்.

வீரமலை என்னை ஒரு பார்வை பார்த்தார். பொய்யனைப் பார்க்கிற பார்வை. "வைகாசியில முகூர்த்தம் வைக்கணும்னு எங்க அக்கா சொல்லுது. பங்குனிக் கடைசி வரைக்கும் பாக்குறோம். விசாரிச்சுச் சொல்லுங்க. இல்லாட்டி துறையூர்ல ஒரு எடம் காத்துக்கிட்டு இருக்கு."

அவர் போனதும் பிடித்தேன் அவனை. "ஏன்டா, என் சாமி உனக்கு எளக்காரமா?"

"ஐயோ, இல்லீங்க மேஸ்திரி. இன்னிக்குப் பொய் சொல்லிக் கட்டி வச்சிடலாம். அந்த மண்ணச்சநல்லூர்க்காரங்களே என் பங்காளியா இருந்துட்டா? அண்ணனுக்குத் தங்கச்சியக் கட்டி வச்ச பாவி ஆயிடுவேனே."

"தெரிஞ்சாத்தானே?"

"தெரியாட்டி மட்டும் இல்லேன்னு ஆயிடுமா?"

மூன்று நாள் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. நாலாம் நாள் ஏணி பிடிக்க ஆள் இல்லாமல் கூப்பிட்டேன்.

எங்கள் தொழில் வெள்ளையடிப்பது. நான் மேஸ்திரி, நாலாவது வரை படித்தவன். சின்னையா எட்டாவது. என்னிடம் ஐம்பத்தொன்றில் சேர்ந்தான். அவன் கதை இதுதான். இருபத்து நாலாம் வருஷம் ஆடியில் காவிரியும் கொள்ளிடமும் ஒன்றாகப் பெருகி ஊர்களை அடித்துக்கொண்டு போனபோது, வடகரையிலிருந்து ஜனங்களை ஓடத்தில் ஏற்றி வந்து திருச்சியில் கஞ்சித் தொட்டி போட்டார்கள். ஒரு தாயும் பிள்ளையும் வந்து பெயர் எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தாய் வாந்தி பேதியில் போய்விட்டாள். பிள்ளையை ஒரு அநாதை விடுதியில் சேர்த்தார்கள். கஞ்சித் தொட்டியில் எழுதினதையே விடுதி ரிஜிஸ்டரிலும் எழுதினார்கள். சின்னையா, வயது ஐந்து, தகப்பன் பெயர் தங்கையன், ஊர் கொள்ளிடம் வடகரை. பக்கத்தில் ஜாதி. அவ்வளவுதான்.

வடகரை என்றால் எந்த ஊர்? சமயபுரத்திலிருந்து லால்குடி தாண்டி எத்தனை ஊர் இருக்கிறது! சின்னையா ஸ்ரீரங்கத்தில் வடக்கு ஓரமாகக் குடியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் கொள்ளிடம். வாடகை குறைச்சல் என்று சொல்வான். அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருக்கத்தான் அங்கே இருந்தான் என்பது என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிவிடுவான். ஊர் ஊராகப் போய்க் கிராம முன்சீப்பைப் பிடித்து, பிறப்பு இறப்புப் புத்தகத்தில் தங்கையன் என்ற பெயரைத் தேடுவான். மற்ற நாளில் ஒரு இடத்தில் உட்கார மாட்டான். சோறு தின்னும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவனிடம் ஒரு நோட்டு உண்டு. கிடைத்த தங்கையன் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்டு, ஊர், தகப்பன், எப்படிச் செத்தார், பிள்ளைகள் எத்தனை என்று எழுதி, கடைசியில் 'நம்மவர் இல்லை' என்று முடித்து ஒரு கோடு போட்டு அடிப்பான். ஒருத்தர் பாம்பு கடித்துப் போனவர். ஒருத்தர் ரங்கூன் போய்த் திரும்பாதவர். ஒருத்தர் இரண்டு பெண்டாட்டிக்காரர். பூவாளூர்ப் பக்கம் ஒரு கிழவி இவன் தங்கையன் என்று ஆரம்பித்ததும் துடைப்பத்தை எடுத்துவிட்டாளாம். "அந்தக் குடிகாரன் உனக்கும் பாக்கி வச்சிட்டுப் போயிட்டானா?" இவன் சைக்கிளை மிதித்த மிதி சமயபுரம் வந்துதான் நின்றதாம். சிரிக்காமல் சொல்வான். சொல்லிவிட்டு நோட்டில் கோடு போடுவான்.

இது என் தொழிலிலும் புகுந்தது. வெள்ளையடிக்கிறவனுக்கு எந்த ஆபீஸ் கதவும் திறக்கும். பீரோவை நகர்த்தாமல் சுவர் அடிக்க முடியாது. பீரோவை நகர்த்தப் பழைய கட்டுகளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். கட்டு வெளியே வந்தால் சின்னையா அதற்குப் பக்கத்தில்தான். ஐம்பத்தேழில் கண்டோன்மெண்டில் ஒரு சர்க்கார் ஆபீஸ் ஒப்பந்தம் கிடைத்தது. நான் மாடியில், இவன் கீழே ரிக்கார்டு அறையில். சாயங்காலம் இறங்கி வந்தால் மூன்று சுவர் இரண்டு கை அடித்து முடிந்திருக்கிறது. நாலாவது சுவரில் பாதி. சுண்ணாம்பு அடிக்கிற மட்டை வாளியிலேயே காய்ந்து கிடக்கிறது. இவன் தரையில் சம்மணம் போட்டு ஒரு கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு முன்னாலேயே ஹெட் கிளார்க் அங்கே வந்து நிற்கிறார்.

"யாருய்யா நீ? சி.ஐ.டி.யா?"

"இல்லீங்க சார். எங்கப்பாவைத் தேடுறேன்."

"ரிக்கார்டு ரூம்ல உங்கப்பன் ஒளிஞ்சுக்கிட்டா இருக்கான்? மேஸ்திரி, இந்தாளைக் கூட்டிக்கிட்டு வெளிய போ."

இரண்டு பேரும் வெளியே போனோம். அந்த ஆபீஸ் வாசலை அதற்கப்புறம் நான் மிதிக்கவில்லை. இது அவன் மேல் எனக்கு இருந்த சின்னக் கோபம். பெரியது முதலில் சொன்னது.

வீரமலை கெடு வைத்துப் போன பிறகு அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஞாயிறு மட்டும் என்று இருந்தது வியாழன், ஞாயிறு என்று ஆனது. வேலையில் இருக்கும்போதே ஏணியிலிருந்து இறங்கி, "மேஸ்திரி, தாளக்குடியில ஒரு எடம் விட்டுட்டேன், போயிட்டு வரேன்" என்பான். நோட்டில் நாற்பத்தொரு தங்கையன் ஆகிவிட்டார்கள். நாற்பத்தொன்றும் கோடு போட்டு அடித்தது. வள்ளிக்கண்ணு ஒன்றும் கேட்க மாட்டாள். அப்பன் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு வந்து முகத்தைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். அவன் மனைவி இருசம்மாள்தான் என்னிடம் வந்து அழுதாள். "அண்ணே, செத்துப் போனவருக்காக உசுரோட இருக்குற புள்ளையக் குமரா வச்சிருவாரு போலிருக்கே."

தை போய் மாசி வந்தது. அறுபத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அன்றைக்குக் காலையில் வேலைக்குக் கூப்பிட நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். தைரியராஜ் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தாளும் பேனாவுமாக வாசலில் நின்றார்.

"குடும்பத் தலைவர் பேரு என்னம்மா?"

"வள்ளிக்கண்ணு அப்பா" என்றாள் இருசம்மாள்.

"பேரு?"

"அதான் சொன்னேனே. வள்ளிக்கண்ணு அப்பா."

"அவருக்குன்னு ஒரு பேரு இருக்கும்ல?"

"இருக்கு. அதை நான் சொல்லலாமா? புருசன் பேரை வாயால சொல்லச் சொல்றீங்களே, நீங்கல்லாம் வாத்தியாரு!"

"சர்க்கார் கேக்குதும்மா."

"சர்க்காருக்கு வேணும்னா கொல்லைக்குப் போயிக் கேக்கட்டும். குளிச்சுக்கிட்டு இருக்காரு."

வாத்தியாருக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி. வெயில் வேறு. "என்னமோ போங்க" என்று சலித்துக்கொண்டு, தலைவர் பெயர் என்ற இடத்தில் வள்ளிக்கண்ணு என்று எழுதியே விட்டார். நான் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். ஈரத் துண்டோடு வந்த சின்னையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இங்க பாருடா, உன் மகதான் இனிமே உனக்குத் தலைவரு."

அவன் சிரிக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி வாத்தியார் தாளில் விழுந்தது. "இருசம்மா" என்றான். "எங்கம்மாவும் இப்படித்தானே சொல்லியிருக்கும்?"

"எதை?"

"கஞ்சித் தொட்டியில உன் புருசன் பேரு என்னன்னு கேட்டிருப்பான். அது எப்படிச் சொல்லும்? தங்கையன் அப்பான்னு சொல்லியிருக்கும். எழுதுறவன் தங்கையன்னு எழுதிட்டான். மேஸ்திரி, தங்கையன் எங்கப்பா இல்ல. எங்கண்ணன்!"

எங்கள் பக்கம் பெண்கள் புருஷனை மூத்த பிள்ளை பெயரை வைத்துத்தான் சொல்வார்கள். அது எனக்கு உறைக்கும் முன்னே அவன் நோட்டை எடுத்துவந்து பக்கத்தைப் பரபரவென்று புரட்டினான். இருபத்தேழாம் நம்பரில் விரலை வைத்தான். 'தங்கையன், நொச்சிக்கரை. 1923-ல் காய்ச்சலில் இறப்பு. வயது ஏழு. தகப்பன் வெள்ளைச்சாமி. சிறு பிள்ளை. நம்மவர் இல்லை.' அதன் மேல் கோடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனே போட்ட கோடு.

வாத்தியார் பாவம், தாளைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இப்ப நான் என்ன பேரு எழுதணும்?" என்றார்.

அன்றைக்கு வேலை இல்லை. இரண்டு சைக்கிளில் நொச்சிக்கரை போனோம். முன்சீப்பு புத்தகத்தை எடுத்தார். 1919-ல் வெள்ளைச்சாமிக்கு ஆண் குழந்தை. 1924 ஆடியில் வெள்ளத்தில் இறந்தவர்கள் பட்டியலில் வெள்ளைச்சாமி. பட்டியலின் கீழே, மனைவியும் இளைய மகனும் காணவில்லை. சின்னையா அந்த வரியைத் தொட்டுப் பார்த்தான். ஊரில் வெள்ளைச்சாமியின் அண்ணன் மகன் இருந்தார். பெயர் நல்லுசாமி. பங்காளிகளுக்குப் பெரியவர். வாழைக் கொல்லையில் கட்டை வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"எங்க சித்தப்பன் குடும்பம் தண்ணியோட போயி முப்பத்தேழு வருசம் ஆச்சு. தார் தள்ளுற நேரமாப் பாத்து சைக்கிள்ல வந்து எறங்கியிருக்க. நல்லா விசாரிச்சுத்தான் வந்திருக்க."

"அண்ணே, நான்..."

"யாருக்கு யாரு அண்ணன்?"

எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைச்சாமி பங்கு ஒன்றரை ஏக்கர் இவர் உழவில்தான் இருந்தது. சின்னையாவை ஒத்துக்கொண்டால் அதையும் கொடுக்க வேண்டும். நான் குறுக்கே விழுந்தேன். "முன்சீப்பு புத்தகத்துல இருக்குங்க. கோர்ட்டுக்குப் போனா வரப்பு வெட்டிக் குடுத்துத்தான் ஆவணும்."

"போங்களேன். போயி எங்க சாமி யாருன்னு அந்தக் கோர்ட்டுலயே கேட்டுக்குங்க."

சின்னையா என் கையைப் பிடித்தான். "மேஸ்திரி, சும்மா இருங்க. அண்ணே, எனக்குக் காணி வேணாம். பங்குனியில சாமிக்குப் பங்காளிங்க பொங்கப் பானை வைப்பீங்கல்ல? அந்த வரிசையில என் பானைக்கு ஒரு எடம் குடுங்க. போதும்."

"எழுதிக் குடுப்பியா?"

"குடுக்குறேன்."

"வாயை மூடுடா!" என்று கத்தினேன். "ஒன்றரை ஏக்கர்டா! ஏணியில தொங்குறது போதாதா?"

"எனக்கு வாழை வேணாம் மேஸ்திரி. வாழைக்காரன்தான் வேணும்."

அதைக் கேட்டுத்தான் நல்லுசாமி அரிவாளைக் கீழே போட்டார்.

லால்குடி ரிஜிஸ்தர் ஆபீசில், பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் எழுதினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்திரம் செல்ல வேண்டுமானால் எழுதிக் கொடுப்பவன் யார் என்று சொல்லியாக வேண்டும். 'நொச்சிக்கரை வெள்ளைச்சாமி குமாரர் சின்னையா' என்று எழுத்தர் எழுதினார். பக்கத்தில் நல்லுசாமி, 'மேற்படியார் என் சித்தப்பா குமாரர்' என்பதற்குக் கைநாட்டு வைத்தார். சின்னையா அந்த வரியை மூன்று தடவை படித்தான். நிலம் போன வரியை அவன் படிக்கவே இல்லை.

அவர்கள் குலதெய்வம் காத்தாயி. பங்குனிப் பொங்கலுக்கு என்னையும் கூட்டிப்போனான். ஒன்பது பானை வரிசையாக இருந்தது. பெரியவர் பானை முதலில், பிறகு முறைப்படி. இருசம்மாள் தன் பானையைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். நல்லுசாமியின் மனைவி வெள்ளையம்மாள் அதைப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் வந்தாள். "சின்ன மாமனார் வீட்டுப் பானை கடைசியிலயா? நல்லாத்தான் இருக்கு உங்க நாட்டாமை!" நல்லுசாமி எழுந்து, கொதிக்கிற பானைகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லி, தன் பானைக்கு அடுத்து அதை வைக்கச் செய்தார். சின்னையா அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மண்ணச்சநல்லூர்க்காரர்கள் சாமி பெரியண்ணசாமி. முறையில் தடையே இல்லை. வைகாசியில் கல்யாணம். பெண் வீட்டுப் பங்காளி என்று மாலை வாங்கிக்கொண்டது நல்லுசாமி. நான் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றேன். வீரமலை இலையிலிருந்து நிமிர்ந்து, "என்னங்க, செல்லாயி பங்காளி, இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றார். ஊற்றினேன்.

இனி இவன் அடங்குவான் என்று நினைத்தேன். அந்த ஆடி அமாவாசைக்குக் காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்கு என்னோடு வந்தான். தகப்பனார் பெயர் கேட்ட புரோகிதரிடம் வெள்ளைச்சாமி என்றான். அதுவரை ஒவ்வொரு வருஷமும் தங்கையன் என்று சொல்லித்தான் எள்ளும் தண்ணீரும் விட்டிருக்கிறான். கரையேறும்போது, "ஏழு வயசுப் புள்ளைய இத்தனை வருசமா அப்பா அப்பான்னு கூப்பிட்டிருக்கேன் மேஸ்திரி. பயந்து போயிருக்கும்" என்றான்.

அடங்கவில்லை. புது நோட்டு வாங்கினான். தங்கையன்களைத் தேடின அதே வெறியோடு ஒன்பது வீட்டுக்கும் போய், பழைய பத்திரம், பட்டா, கல்யாண ஓலை என்று கிடைத்ததையெல்லாம் பார்த்து, ஏழு தலைமுறை எழுதினான். யாருக்கு யார் மகன், எவன் கிணற்றில் விழுந்தான், எவன் கண்டிக்குப் போனான் எல்லாம் அதில் இருக்கும். பெண் எடுக்கிற பேச்சு வந்தால் நல்லுசாமியே பஸ் ஏறி வந்து இவன் நோட்டைப் பார்க்கச் சொல்லுகிற அளவுக்கு ஆனது. அப்போதும் கால் ஆடுவது நிற்கவில்லை. "இப்ப என்னடா குறை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பான். சைக்கிளை எடுப்பான்.

அறுபத்தைந்தில் இளைப்பு வந்தது. ஏணியில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் கீழே உட்கார்ந்து சுண்ணாம்பு வடிகட்டச் சொன்னேன். அடுத்த வருஷம் அதுவும் முடியவில்லை. புரட்டாசியில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். மத்தியானம் இருசம்மாள் கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து என் மடியில் வைத்தான்.

"மேஸ்திரி, எங்கப்பா பேருக்குப் பக்கத்துல பாருங்க."

பார்த்தேன். வெள்ளைச்சாமி என்று எழுதி, பக்கத்தில் 'மனைவி' என்று எழுதி, அதற்குமேல் வெறும் இடம்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டுட்டேன். நல்லுசாமி அண்ணன் சித்தின்னுதான் கூப்பிட்டாராம். மத்தவங்களுக்கு அது தங்கையன் அம்மா. முன்சீப்பு புத்தகத்துல மனைவின்னு மட்டும் இருக்கு. நான் அஞ்சு வயசுல அம்மான்னு கூப்பிட்டதோட சரி. ஏழு தலைமுறை எழுதுனேன், பெத்தவ பேரு தெரியல."

மூச்சு வாங்கியது. பேசாதே என்றேன். கேட்கவில்லை.

"போன மாசம் வெள்ளையம்மா அண்ணி ஒண்ணு சொல்லிச்சு. அம்மா பொறந்த எடம் தொட்டியத்துக்குக் கிட்ட, வெத்திலைக் கொடிக்கால் போட்ட குடும்பமாம். அதுக்கு ஒரு தம்பி இருந்தாராம். பொறந்த வீட்டுலதான் ஒரு பொம்பளையப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க. அங்க யாராச்சும் இருப்பாங்க. நீங்க சைக்கிள்ல போயிறாதீங்க, முட்டி வலிக்கும், முசிறி பஸ்ல போங்க. வெள்ளத்துல போன அக்கா ஒண்ணு உங்க வீட்டுல இருந்துச்சா, அது பேரு என்னன்னு கேளுங்க. கேட்டு, இந்த எடத்துல நீங்களே எழுதிருங்க மேஸ்திரி."